பிடித்த மீனை உயிரோடு திருப்பி விடுவது எப்படி

சென்னைக் கரையில் தூண்டில் போடுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். முட்டுக்காடு, கோவளம், அடையாறு முகத்துவாரம், பழவேற்காடு என்று ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எங்கே போனாலும் நான்கைந்து ராடு மணலில் குத்தி நிற்கும். எப்படிப் பிடிப்பது என்று சொல்லித்தர ஆள் இருக்கிறது. பிடித்ததில் எதை விட வேண்டும், எப்படி விட்டால் அது பிழைக்கும் என்று சொல்லித்தரத்தான் ஆள் குறைவு. தண்ணீரில் போட்டால் நீந்திப் போய்விடும் என்றுதான் நானும் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். நீந்திப் போகும், சரி. ஒரு மணி நேரம் கழித்து எங்கேயோ தள்ளி வயிறு மேலே தெரிய மிதக்கும்போது அதைப் பார்க்க நாம் அங்கே இருப்பதில்லை.

விடுகிற வேலை வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. தூண்டில் முள்ளைக் கையில் எடுத்துப் பாருங்கள். நுனிக்குக் கொஞ்சம் கீழே பின்னோக்கி ஒரு சின்னப் பல் இருக்கும். மீன் உதறினாலும் முள் கழன்று வராமல் பிடித்து வைப்பது அந்தப் பல்தான், கழற்றும்போது சதையைக் கிழிப்பதும் அதுதான். கட்டிங் பிளேயரால் ஒரு அழுத்து அழுத்தி அதைத் தட்டையாக்கிவிடுங்கள். மீன் தப்பிவிடுமே என்பார்கள். தங்கூஸை, அதாவது தூண்டிலின் நைலான் நூலை, தளர விடாமல் சுற்றிக்கொண்டே வந்தால் பெரும்பாலும் தப்பாது.

இரை வைத்துவிட்டுக் காத்திருக்கிற ஆள் என்றால் வட்ட முள் வாங்குங்கள். அதன் நுனி வெளியே பார்க்காமல் தண்டைப் பார்த்து உள்பக்கம் வளைந்திருக்கும். மீன் இரையை விழுங்கிவிட்டு நகரும்போது அது தொண்டையில் குத்தாமல் வழுக்கிக்கொண்டு வந்து வாயோரத்தில் கோத்துக்கொள்ளும். ஆனால் ராடு வளைந்ததும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது, மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தால் போதும். பழகிய கைக்கு இது கஷ்டம்தான், எனக்கே ஒரு சீசன் முழுக்க ஆனது. அப்புறம், துருப்பிடிக்காத ஸ்டீல் முள் வேண்டாம். எப்போதாவது முள்ளோடு மீனை விட வேண்டிவரும், சாதாரண முள் என்றால் உப்புத் தண்ணீரில் அரித்து விழுந்துவிடும்.

தங்கூஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. மெல்லிசில் பெரிய மீனை அரை மணி நேரம் விளையாட விட்டுக் கரைக்கு இழுத்தேன் என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. அந்த அரை மணி நேரமும் அது மூச்சு முட்ட ஓடுகிறது, கரைக்கு வரும்போது பாதி செத்துத்தான் வருகிறது. முகத்துவாரத்தில் கொடுவா மாட்டும் என்று தெரிந்து போகிறவர் 0.40 மில்லிமீட்டருக்குக் குறைந்து போக வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலில் நடுப்பகலில் கழிமுகத்தில் போடுவதையும் தவிர்த்துவிடுங்கள். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும், அந்த நேரத்தில் களைத்த மீன் தேறுவது கடினம். விடியலில் போய் எட்டு மணிக்குள் எழுந்து வந்துவிடுவது மீனுக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

இடத்தைப் பொறுத்தவரை ஒன்றுதான். குப்பத்துக்காரர்கள் கரைவலை இழுக்கிற நேரத்தில் அந்தப் பக்கம் ராடு குத்தாதீர்கள். அவர்களுக்கு அது அன்றைய சோறு. எண்ணூர்க் கழிமுகத்தில் நான் போடுவதில்லை. வருடக்கணக்காகச் சாம்பல் கழிவு படிந்த இடம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து கலந்தது. அங்கே தப்பிப் பிழைத்திருக்கும் மீனை நாம் போய்த் தொல்லை பண்ண வேண்டாம் என்பது என் எண்ணம்.

இப்போது மீன் கரைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் கையை நனையுங்கள். மீனின் மேல் வழவழவென்று இருக்கிறதே, அதுதான் அதற்குத் தோலுக்கு மேல் தோல், கிருமி அண்டாமல் காக்கிறது. காய்ந்த கையால் பிடித்தால் அது கையோடு வந்துவிடும், சூடான மணலில் புரட்டினாலும் துணியால் பிடித்தாலும் அதே கதைதான். கூடிய வரை தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு கை வயிற்றுக்கு அடியில், ஒரு கை வாலுக்கு முன்னால், மீன் தரைக்குப் படுக்கையாக இருக்க வேண்டும். தாடையில் மாட்டித் தொங்கவிட்டால், தண்ணீரில் எடையே தெரியாமல் வாழ்ந்த உடம்பின் பாரம் முழுக்க அந்தத் தாடையில் இறங்கும். செவுளுக்குள் விரல் விடவே கூடாது. எவ்வளவு நேரம் வெளியே வைக்கலாம் என்பதற்கு எனக்குச் சொல்லித் தந்த வழி, மீனைத் தூக்கும்போதே நாமும் மூச்சை அடக்கிக்கொள்வது. நமக்கு முட்டும்போது அதற்கும் முட்டும். போட்டோ எடுப்பவர் தயாரான பிறகு தூக்குங்கள், தூக்கிவிட்டு போனைத் தேடாதீர்கள்.

முள் தொண்டைக்குக் கீழே போய்விட்டதா, தோண்டாதீர்கள். எவ்வளவு ஆழத்துக்கு எட்டுமோ அவ்வளவு ஆழத்தில் தங்கூஸை நறுக்கிவிட்டு அப்படியே விடுங்கள். பிடுங்கி எடுத்து விட்ட மீனைவிட, முள்ளோடு விட்ட மீன் பிழைப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

விடும்போது வீசக் கூடாது. கழிமுகத்தில் என்றால் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று, தலை நீரோட்டத்தைப் பார்த்திருக்கும்படி நிமிர்த்திப் பிடியுங்கள். செவுள் மூடித் திறப்பது முதலில் ஒழுங்கில்லாமல் இருக்கும், அப்புறம் சீராகும், வால் மெதுவாக ஒருமுறை தள்ளிப் பார்க்கும், பிறகு உங்கள் கையையே உதைத்துக்கொண்டு போகும். அதுவரை நிற்க வேண்டும், பத்து நிமிடம் ஆனாலும். கடல் பக்கம் என்றால் அலை வந்து திரும்புகிற நேரம் பார்த்து, இறங்குகிற தண்ணீரோடு விடுங்கள். முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள், நம் கடற்கரையில் சரிவு சட்டென்று ஆழமாகும், இழுப்பும் பலமாக இருக்கும்.

எதை விடுவது என்பதற்கு வருகிறேன். பொடியை விடு, பெரிசை வைத்துக்கொள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கொடுவாவுக்கு அது சரிவராது. முட்டுக்காட்டில் ஒரு காலை எனக்கு ஆறு கிலோ கொடுவா மாட்டியது. தாடையில் கொக்கி போட்டுத் தூக்கி, மணலில் கிடத்தி, வந்தவர் போனவரெல்லாம் போட்டோ எடுத்து முடிக்கும்போது அது அடங்கிவிட்டது. வழக்கமாக அங்கே வீச்சு வலை போடும் பெரியவர் ஒருவர் வந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பெர்சு அல்லாமே பொட்டதான் தம்பி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வீட்டில் அறுத்தபோது உள்ளே இரண்டு பக்கமும் சினை.

அவர் சொன்னது அப்படியே உண்மை. கொடுவா முதலில் ஆணாகத்தான் பருவத்துக்கு வரும், சில வருடம் ஆணாக வாழ்ந்துவிட்டு அப்புறம் பெண்ணாக மாறும். அதனால் ஐந்து கிலோவைத் தாண்டிய கொடுவா பெரும்பாலும் பெண்ணாகத்தான் இருக்கும், லட்சக்கணக்கில் முட்டை போடுகிற தாய். கடலோரத்தில் முட்டையிடும், குஞ்சுகள் கழிமுகத்துக்குள் ஏறி வளரும். முட்டுக்காட்டிலேயே ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-ல் கொடுவாவைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு எடுத்தது, அதையே அன்றைக்குச் சாதனையாகப் பேசினார்கள். நம் முள்ளில் வருகிற ஒரு பெரிய கொடுவா அந்த வேலையைத் தானாகவே செய்துகொண்டிருந்த மீன். நான் இப்போது இரண்டு, மூன்று கிலோவில் வருவதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். அதற்கு மேலும் கீழும் எல்லாம் தண்ணீருக்கே.

அதே பெரியவரிடம் இன்னொன்றும் பார்த்தேன். இரைக்கு இறால் எடுக்க வலை வீசியவர் இழுத்துப் போட்டதில் ஒரு கெளுத்தி. அதன் வாயிலிருந்து மஞ்சள் மஞ்சளாகக் கோலிக்குண்டு போல உருண்டை உருண்டையாக விழுந்தது. ஏதோ தின்றிருக்கிறது என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் ஒரு கண். "அது ஆம்பள தம்பி. வாய்ல புள்ளைங்கள வச்சிக்கினு கீது. தண்ணில வுடு மொதல்ல." கடல் கெளுத்தியில் அப்பன்தான் முட்டைகளை வாயில் வைத்துப் பொரிக்கிறது, அத்தனை நாளும் இரை எடுக்காமல். முட்டை போடுவதும் சில டஜன்தான், அதனால் ஒன்று போனாலும் கணக்கு. வாய் உப்பிய கெளுத்தி வந்தால் வாயைத் திறந்து பார்க்காமல் விடுங்கள். சும்மா வரும் கெளுத்தியையும் கவனமாகப் பிடிக்க வேண்டும், முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று முள், ரம்பம் போல. குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு வெந்நீரில் கையை முக்கி வைத்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள்.

சினை நண்டு தெரியும்தானே, வயிற்று மடிப்பு அகலமாக, அடியில் ஆரஞ்சு நிறத்தில் கொத்தாக முட்டை. விட்டுவிடுங்கள். முன்பக்கம் திருக்கை போலவும் பின்பக்கம் சுறா போலவும் ஒரு மீன் வந்தால் அது உளுவை, அதில் சில வகைகள் புலிக்கு இருப்பது போலவே சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. வகை பிரித்துப் பார்த்து நேரம் கடத்தாமல் எல்லா உளுவையையும் விடுவதே சரி. திருக்கையைத் தூக்காமல், வாலுக்கு எட்டாத தூரத்திலிருந்து தங்கூஸை நறுக்கினால் போதும்.

தை முதல் பங்குனி வரை இரவில் கடற்கரையில் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறுகிற மாதங்கள் இவை. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மாணவர்கள் 1988-லிருந்து இரவு இரவாக நடந்து முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். ஆமை ஏறுவது தெரிந்தால் டார்ச்சை அணைத்துவிட்டு, கடலில் கிடக்கும் தங்கூஸைச் சத்தமில்லாமல் சுற்றி எடுத்துவிட்டு, அது திரும்பிப் போகும் வரை உட்கார்ந்திருங்கள். நறுக்கிய தங்கூஸ் துண்டு ஒன்றுகூட மணலில் கிடக்கக் கூடாது. அது மக்காது, கொக்கின் காலில் சுற்றிச் சதையை அறுத்திருப்பதை அடையாறு முகத்துவாரத்தில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான் பழைய தண்ணீர் பாட்டிலை இடுப்பில் கட்டிக்கொண்டு போகிறேன், எல்லாத் துண்டும் அதற்குள்.

சாப்பிட எடுப்பதைத் தவறென்று நான் சொல்லவில்லை. கை நீளக் கிழங்கான் ஐந்தாறு, அன்றைக்கு வீட்டுக்கு வேண்டியது, அவ்வளவு எடுங்கள். அதையும் வாளியில் துடிக்க விடாமல், கண்ணுக்குப் பின்னால் மண்டையில் ஒரே தட்டாகத் தட்டி உடனே ஐஸில் போட்டுவிடுங்கள். வலி சீக்கிரம் முடியும், வறுக்கும்போது சதையும் குழையாது.