பதற்றத்துக்குக் கல்லைப் பிடிக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லைக் கையில் வைத்துக்கொண்டால் படபடப்பு அடங்குகிறது என்று சொல்கிறவர்களைக் கேலி செய்கிற ஆள் நான் இல்லை. ஒரு விபத்துக்குப் பிறகு ஏழெட்டு வருடங்களாக என் பையிலும் ஏதாவது ஒரு கல் கிடக்கிறது. ஆனால் புதிதாக இதில் இறங்கியவர்களோடு பேசும்போது, நான் அன்று விழுந்த அதே குழியில் ஒருவர் பின் ஒருவராக விழுவதைப் பார்க்கிறேன், எரிச்சலாக இருக்கிறது. போலிக் கல்லை வாங்காதீர்கள், தொலைத்துவிடாதீர்கள் என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

பட்டியலைப் பார்த்துக் கல் வாங்குவது

தூக்கத்துக்கு அமெதிஸ்ட், பயத்துக்குக் கருப்பு டூர்மலின், துக்கத்துக்கு ரோஸ் குவார்ட்ஸ். நானும் இப்படி ஒரு பட்டியலை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். 2001இல் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் உளவியலாளர் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்ச் 80 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார். பாதிப் பேருக்கு நிஜப் படிகம், மீதிப் பேருக்குப் போலி, யாரிடம் எது இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் சொன்ன அனுபவம் ஒன்றுபோலவே இருந்தது.

அப்படியானால் கிடைத்த ஆறுதல் பொய்யா என்றால், இல்லை, அது வேறு வழியில் வருகிறது. கல் உள்ளங்கைச் சூட்டை பிளாஸ்டிக்கைவிட வேகமாக இழுத்துக்கொள்ளும், அதனால்தான் தொட்டதும் சில்லென்று இருக்கிறது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கைச்சூட்டுக்கு வரும். பழைய காட்சி திரும்பி வரும்போது உடம்பு அந்த நாளிலேயே நிற்கிறது, உள்ளங்கையில் இருக்கிற அந்தச் சில்லிப்பு மட்டும்தான் இன்றைக்கு நடப்பது. கல்லின் எடை, வழவழப்பு, ஓரத்தில் இருக்கிற ஒரு சின்ன உடைசல், இவையெல்லாம் கவனத்தை இங்கே இழுத்து வருகின்றன. கிரவுண்டிங் என்று சொல்வது இதைத்தான். ஆகவே பட்டியலை விடுங்கள், கையால் தேடுங்கள். இப்போது என்னிடம் இருப்பது பெயர் தெரியாத ஒரு சாம்பல் நிறக் கூழாங்கல். ஒரு பக்கம் லேசாகப் பெயர்ந்திருக்கும், கட்டைவிரல் தானாக அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

பயம் வந்த பிறகு முதன்முறையாக எடுப்பது

சும்மா இருக்கிற நாளில் தினமும் இரண்டு நிமிடம் பழகுங்கள். நடுக்கத்தில் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

கண்ணை மூடிக்கொள்வது

திறந்தே வையுங்கள். மூடினால் பழைய காட்சிக்கு நாமே திரை கட்டிக் கொடுத்த மாதிரி.

கல் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாத நிலைக்கு வருவது

இதுதான் என்னால் இன்றும் மன்னிக்க முடியாத தவறு. செய்தது நான்தான்.

அப்போது என்னிடம் புகை நிறத்தில் ஒரு குவார்ட்ஸ் இருந்தது. ஒரு நேர்காணலுக்குக் கிளம்பிப் போய், அந்தக் கட்டடத்தின் இரண்டாவது மாடிப் படி திரும்புகிற இடத்தில் பழக்கத்தில் பைக்குள் கையை விட்டேன். சாவி இருந்தது, கைக்குட்டை இருந்தது, கல் இல்லை. முந்தின நாள் போட்ட பேண்டிலேயே விட்டுவிட்டேன். இன்னும் ஒரே ஒரு மாடிதான், கால் நகரவில்லை. திரும்பி இறங்கி, வயிறு சரியில்லை என்று போன் பண்ணிச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கல் அழுக்குத் துணிக்கூடையில் கிடந்தது.

சரி, அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டேன் என்று கேளுங்கள். இன்னும் மூன்று கல் வாங்கினேன். கைப்பைக்கு ஒன்று, வேலை மேசைக்கு ஒன்று, தலையணைக்குப் பக்கத்தில் ஒன்று. அதைப் பெரிய சாமர்த்தியம் என்று வேறு நினைத்தேன். அடுத்த ஒரு வருடத்தில் கல் கூட்டமானது, நான் போகிற இடங்கள் குறைந்தன. லிஃப்ட் போனது, அடுத்தவர் ஓட்டும் காரில் ஏறுவது போனது.

உளவியலில் இதைப் பாதுகாப்பு நடத்தை என்பார்கள். கல்லைப் பிடித்துக்கொண்டு காரில் ஏறுகிறீர்கள், ஒன்றும் ஆகவில்லை, நல்லபடியாக இறங்குகிறீர்கள். பாராட்டு யாருக்குப் போகிறது? கல்லுக்கு. கார் ஆபத்தில்லை என்று மூளை கற்றுக்கொள்ள வேண்டிய பாடத்தைக் கல் வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. நூறு தடவை ஏறி இறங்கினாலும் பயம் முதல் நாள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

என் ஆலோசகர் கல்லைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. முதல் வாரம், பையில் இருக்கட்டும், அடுத்த நிறுத்தம் வரை தொடாமல் இருங்கள் என்றார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து கைப்பைக்கு மாற்றச் சொன்னார், எடுக்க ஜிப்பைத் திறக்க வேண்டும், அந்தத் தாமதம்தான் பயிற்சி. அப்புறம் பத்து நிமிட நடைக்குக் கல்லை வீட்டிலேயே விட்டுப் போகச் சொன்னார். அன்று பாதி வழியில் சட்டை நனைந்துவிட்டது, கை பைக்குள் நாலைந்து தடவை போய்ப் போய் வந்தது. ஆனாலும் போய் வந்தேன். முதல் கல்லை வாங்கி இரண்டு வருடம் கழித்து நடந்தது இது. முதல் மாதத்திலேயே நடந்திருக்க வேண்டியது.

உங்கள் நிலை தெரிய வேண்டுமானால் ஒன்றைக் கவனியுங்கள். கல்லை மறந்துவிட்டு வந்துவிட்டோம் என்று தெரிந்ததும், ‘அடடா’ என்று சொல்லிவிட்டு நடக்கிறீர்களா, இல்லை கால் நின்றுவிடுகிறதா?

இந்தத் தவறுக்கு எண்ணெய் ஊற்றுவது மாதிரி ஒரு பேச்சு உண்டு. கல் உடைந்தால், வரவிருந்த கெட்டதை அது வாங்கிக்கொண்டதாம். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் ஃபுளோரைட் தரையில் விழுந்து இரண்டானது, யாரோ இதைச் சொல்லி வைக்க, நாலு நாள் அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஃபுளோரைட் என்பது நாலு திசையில் சுலபமாகப் பிளக்கிற கனிமம். கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை சொல்கிற மோஸ் அளவுகோலில் அது வெறும் 4. தரையில் விழுந்தது, பிளந்தது, அவ்வளவுதான். ஏற்கெனவே பயந்து கிடப்பவரிடம் போய்ச் சொல்கிற பேச்சா அது?

தண்ணீரில் போடுவது

செலினைட் என்பது ஜிப்சம்தான், நகம் பட்டாலே கீறல் விழும், தண்ணீரில் பளபளப்பு போய்விடும். அது போனால் போகிறது. கல்லை ஊறப்போட்ட தண்ணீரைக் குடிப்பதுதான் ஆபத்து. மாலகைட்டில் செம்பு இருக்கிறது, கலீனாவில் ஈயம், சின்னபாரில் பாதரசம். குடிக்காதீர்கள்.

மாத்திரையை நிறுத்துவது

கூடாது. தொந்தரவு ஒரு மாதத்தைத் தாண்டியும் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மன அதிர்ச்சிக்கென்றே அமைந்த அறிவாற்றல் நடத்தை சிகிச்சை இருக்கிறது, கண்ணை இடமும் வலமும் அசைக்க வைத்துப் பழைய நினைவைக் கையாளுகிற இஎம்டிஆர் சிகிச்சை இருக்கிறது. கல் பக்கத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்தவர் கையில் திணிப்பது

நமக்கு உதவியது என்ற உற்சாகத்தில் வருகிற தவறு. ஒரு நண்பர் பேசிக்கொண்டிருந்தபோதே உறைந்து போய்விட்டார், பார்வை எங்கேயோ இருந்தது. நான் அவர் கையைப் பிடித்து விரலைப் பிரித்துக் கல்லை வைத்தேன். அவர் நாற்காலியோடு பின்னால் துள்ளினார். அவருக்கு நடந்ததே யாரோ கையைப் பிடித்து இழுத்ததில் ஆரம்பித்ததுதான், அது எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது, அதனால்தான் தொட்டிருக்கக் கூடாது. இப்போதெல்லாம் மேசையில் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்துவிட்டு, “கல் இங்கே இருக்கு” என்று மட்டும் சொல்வேன். சில நாள் எடுத்துக்கொள்வார். சில நாள் பக்கத்தில் கிடக்கிற என் சாவிக்கொத்தை எடுத்துக்கொள்வார்.