பவுண்ட் ஃபோர் பவுண்ட் முதலிடம் யாருக்கு? வாதாடப் போகிறவர்களுக்கு

எந்தக் கேள்விக்கு வாதாடுகிறோம் என்பதை முதலில் பேசி முடியுங்கள், இல்லாவிட்டால் விடிய விடியக் கதைத்தாலும் ஒரு முடிவும் வராது. இப்போது உலகத்தில் எடைப்பிரிவு பாராமல் முதலாவது குத்துச்சண்டைக்காரர் யார் என்பது ஒரு கேள்வி. இதுவரை வந்தவர்களில் யார் பெரியவர் என்பது வேறு கேள்வி. பரந்தன் சந்தித் தேத்தண்ணிக் கடையில் நீங்கள் உக்ரைன்காரர் உசிக் என்று வாயைத் திறந்ததுமே, ஜெனரேற்றர் போட்டு டெக்கில் படம் பார்த்த காலத்து அண்ணை ஒருவர் "டைசனுக்கு முன்னால உவன் நிப்பானா?" என்று கேட்பார். அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். "அண்ணை, நான் இந்த வருசக் கணக்குக் கதைக்கிறன், நீங்கள் எல்லாக் காலத்தையும் சேர்த்துக் கதைக்கிறியள்" என்று சொல்லிவிட்டு ஒரு தேத்தண்ணி சொல்லுங்கள். அப்படியும் விடவில்லை என்றால் 1990 பெப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் பத்தாவது சுற்றில் டைசனை விழுத்திய கதையை எடுங்கள், ஆனால் அது கடைசி ஆயுதம்.

பவுண்ட் ஃபோர் பவுண்ட் என்பதே ஒரு கற்பனைதான். எல்லாரும் ஒரே உருவமாக இருந்தால் யார் சிறந்தவர் என்ற கேள்வி அது. 1940களிலும் 50களிலும் சுகர் ரே ரொபின்சனைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே அந்தப் பேச்சு ஊரெல்லாம் பரவியது, ஏனென்றால் அவரை விடத் திறமான ஆள் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் ஆகப் பெரிய எடைப்பிரிவான ஹெவிவெயிட்டின் சாம்பியனோடு அவரை மேடையேற்ற ஏலாது. கற்பனையை நிரூபிக்க முடியாது, எனவே சாட்சிகளை வைத்துத்தான் பேச வேண்டும். அந்தச் சாட்சி பெல்ட்டுகளின், அதாவது சாம்பியன் பட்டங்களின், எண்ணிக்கை இல்லை. இங்கேதான் அரைவாசிப் பேர் வழுக்கி விழுகிறார்கள்.

டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. என்று பட்டம் கொடுக்கிற நாலு அமைப்புகள், பதினேழு எடைப்பிரிவுகள். கூட்டிப் பாருங்கள், உலகத்தில் ஒரே நேரத்தில் எத்தனை "உலக சாம்பியன்" இருக்கலாம் என்று. அதனால் யாராவது எண்ணிக்கையைச் சொன்னால் உடனே "யாரிட்டை எடுத்தவர், எந்த எடையில?" என்று கேளுங்கள். பிலிப்பைன்ஸ்காரர் பக்கியாவ் எட்டுப் பிரிவுகளில் பட்டம் வென்றவர், அதில் சந்தேகமே இல்லை, ஆனால் அந்த எட்டாவது பட்டம் 154 பவுண்ட் பிரிவுக்குரியது என்றாலும், 2010இல் மார்கரிட்டோவோடு நடந்த அந்தச் சண்டை 150க்கு ஒப்பந்தம் செய்யப்பட்டது. இதைச் சொன்னால் பக்கியாவ் சின்ன ஆளாகிவிட மாட்டார் (மார்கரிட்டோவின் முகம் அன்றைக்கு என்ன பாடுபட்டது என்று படங்களைப் பாருங்கள்). பட்டத்தைக் காட்டிலும் சண்டையைப் பாருங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். தராசில் ஏறுவதும் முதல் நாளில், அடுத்த நாள் மேடைக்கு வரும்போது தண்ணியும் சாப்பாடும் உள்ளே போய் எடை கூடியிருக்கும், ஆகவே அந்த இலக்கத்தைச் சத்தியவாக்காகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

எடை கூடிப் போனவனுக்கு எப்போதும் கூடப் புள்ளி கொடுங்கள், தோற்றால்கூட. 1952 ஜூனில் ரொபின்சன் மிடில்வெயிட் சாம்பியனாக இருந்துகொண்டே அதைவிட எடை கூடின லைட் ஹெவிவெயிட் பிரிவின் சாம்பியன் ஜோய் மக்சிமோடு யாங்கி ஸ்டேடியத்தில் மோதினார். மூன்று நடுவர் அட்டைகளிலும் அவர்தான் முன்னுக்கு. வெக்கை தாங்காமல் மேடை நடுவரே இடையில் மாற வேண்டி வந்தது, பதினாலாவது சுற்றுக்கு மணி அடித்தபோது ரொபின்சனால் கதிரையை விட்டு எழும்ப முடியவில்லை. பதிவில் அது தோல்வி. வாதத்தில் அது அவர் பக்கச் சாட்சி.

சரி, இன்றைய கணக்குக்கு வருவோம். 2025 செப்டெம்பரில் டெரன்ஸ் குரோஃபர்ட் 168 பவுண்டுக்கு ஏறிப் போய் கனேலோ அல்வாரெஸைப் புள்ளியில் வென்றபோது, வாதம் கொஞ்ச நாளைக்கு அடங்கிவிட்டது. 140, 147, 168 என்று மூன்று பிரிவுகளில் நாலு பெல்ட்டையும் ஒன்றாகக் கட்டிய ஆளுக்கு எதிராக என்ன கதைப்பது? ஆனால் அவர் அந்த டிசம்பரிலேயே ஓய்வு என்று அறிவித்துவிட்டார். ஓய்வெடுத்தவரை இன்றைய பட்டியலில் வைத்து வாதாடுகிறவரோடு நேரத்தை வீணாக்காதீர்கள். மீதி இருப்பது ஹெவிவெயிட்டில் உசிக்கா, சின்ன எடைப்பிரிவுகளில் அடிக்கிற ஜப்பான்காரர் இனோவேயா என்பதுதான்.

நான் உசிக் பக்கம். காரணத்தை இலக்கத்தோடு சொல்லுங்கள். 2024 டிசம்பரில் ரியாத்தில் நடந்த இரண்டாவது சண்டைக்கு இங்கிலாந்துக்காரர் ஃபியூரி உடுப்போடு தராசில் ஏறியபோது 281 பவுண்ட், உசிக் 226. வித்தியாசம் 25 கிலோ, அதாவது அரை மூடை சீமெந்து. அதைக் கட்டித் தூக்கிக்கொண்டு வருகிற ஆளை மூன்று நடுவர்களும் 116-112 என்று எழுதுமளவுக்கு வென்றிருக்கிறார். மற்றவர்களுக்குக் கற்பனையாக இருக்கிற கேள்விக்கு இவர் மேடையிலேயே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஹெவிவெயிட்டுக்குக் கீழே உள்ள குரூசர்வெயிட்டில் 2018இல் எல்லாப் பெல்ட்டும், பிறகு ஜோஷுவா இரண்டு தரம், ஃபியூரி இரண்டு தரம், 2025 ஜூலையில் வெம்பிளியில் டுபுவா ஐந்தாவது சுற்றோடு சரி.

எதிர்ப்பக்கம் சும்மா இருக்காது. முதல் ஃபியூரி சண்டையைத் தூக்குவார்கள், தூக்கவும் வேண்டும். 2024 மே மாதம், ஒன்பதாவது சுற்றில் ஃபியூரி கயிற்றில் முட்டித் தள்ளாடியபோது நடுவர் குறுக்கே புகுந்து, விழுந்ததாகக் கணக்கெடுத்து எண்ணினார். சுற்றில் வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9, விழுந்தால் 8. அட்டைகள்: 115-112, 114-113 உசிக்குக்கு, 114-113 ஃபியூரிக்கு. அந்த எண்ணுதல் இல்லாமல் அந்தச் சுற்று 10-9 என்று மட்டும் போயிருந்தால் ஃபியூரிக்கு மூன்று அட்டையிலும் ஒவ்வொரு புள்ளி கூடும், ஒன்று உசிக்குக்கு, ஒன்று ஃபியூரிக்கு, ஒன்று சமன். சண்டையே சமநிலை! இதை எதிராளி சொல்லும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள், பிறகு "அதுக்குத்தானே இரண்டாம் சண்டை வைச்சவங்கள்" என்று மேலே போகலாம்.

இனோவேக்காக வாதாடுகிறீர்களா? பாவம் பார்க்காமல் வாதாடுங்கள், நல்ல கேஸ்தான். 118 பவுண்டிலும் 122 பவுண்டிலும் நாலு பெல்ட்டையும் ஒன்றாக்கியவர். "அவரை நேரி விழுத்தினவன், கார்டெனாஸ் விழுத்தினவன்" என்று கேட்டால், இருவருக்கும் பிறகு என்ன நடந்தது என்று திருப்பிக் கேளுங்கள். நேரிக்கு ஆறாவது சுற்றோடு கதை முடிந்தது, கார்டெனாஸுக்கு எட்டாவதோடு. ஹெவிவெயிட்டில் எடை எல்லையே இல்லை, உசிக் விரும்பியபடி சாப்பிடலாம், ஆனால் சின்னப் பிரிவில் நாலு பவுண்ட் ஏறுவது எலும்புக்குத் தெரியும் என்பதும் கேட்கக்கூடிய வாதம்தான். எனக்கு அது போதவில்லை, அவ்வளவுதான்.

கிளிப் பார்த்துவிட்டு மட்டும் வாதாட வராதீர்கள். நொக்கவுட் நடந்த இருபது செக்கன் வட்சப்பில் வரும், அதற்கு முன் ஏழு சுற்றாக உடம்பில் வாங்கிய அடி அதில் வராது. எங்கள் நேரத்துக்கு லாஸ் வேகஸ் சண்டை ஞாயிறு காலை வருகிறது, டோக்கியோ பின்னேரம், லண்டனும் ரியாத்தும் விடியப்புறம். விடியப்புறச் சண்டைக்கு முதல் நாளே டேட்டா போட்டு வையுங்கள், முடிவை யாரும் சொல்லுமுன் பார்த்துவிடலாம். சத்தத்தை நிறுத்திவிட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் நீங்களே 10-9 என்று ஒரு பழைய கொப்பியில் எழுதிப் பாருங்கள், வர்ணனையாளர் யாருக்காகக் கத்துகிறார் என்பது அப்போதுதான் தெரியவரும்.

பெண்களின் பட்டியல் தனி. அங்கே பெரும்பாலும் இரண்டு நிமிடச் சுற்று, பத்துச் சுற்று. க்ளாரெசா ஷீல்ட்ஸா கேட்டி டெய்லரா என்பதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் கலந்தால் கடைக்காரர் கடையைப் பூட்டிவிடுவார்.

முதல் இரண்டு இடமும் முடிந்தால் மூன்றாவதுக்கு இறங்குங்கள், அங்கேதான் நல்ல சண்டை. லைட் ஹெவிவெயிட்காரர் பிவோல் கனேலோவையும் பெட்டர்பியேவையும் வென்றவர், ஆனால் பெட்டர்பியேவிடம் ஒருமுறை தோற்றவர். சின்னப் பிரிவுக்காரர் 'பாம்' ரொட்ரிகெஸ் இன்னும் தோற்காதவர், எஸ்ட்ராடாவை ஏழாவது சுற்றில் இருத்தியவர். நான் பாம் என்கிறேன். பிவோல்காரர்கள் வரலாம்.