வண்டியில் போகிறவர்கள் மழைக்கோட்டுக்கு அளவு பார்ப்பது எப்படி

மழைக்கோட்டு வாங்கும்போது பலரும் கடைக் கண்ணாடி முன்னால் நின்று போட்டுப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று காசைக் கொடுத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் வாங்கினேன். மறுநாள் நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டத்துக்கு வண்டியில் கிளம்பினேன். சுங்கான்கடை தாண்டியதும் மழை பிடித்தது. வில்லுக்குறி வருவதற்குள் மழைப் பேன்ட் கெண்டைக்கால் வரைக்கும் ஏறிவிட்டது, ஷூவுக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டது, தக்கலையில் இறங்கிப் பார்த்தால் சட்டைக் கை முழங்கை வரை ஈரம். கோட்டில் ஒரு பொத்தல் கிடையாது, துணியும் நல்ல துணிதான். நான் எடுத்த அளவு நிற்கிறவனுக்கான அளவு, அவ்வளவுதான்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஒன்று, பெரியவர்கள் இடவப்பாதி என்று சொல்வார்களே அது. அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை இன்னொன்று. வருஷத்தில் பாதிக்கு மேல் கூடவே இருக்கப்போகிற துணி, அதனால் கால் மணி நேரம் கூடுதலாகச் செலவழித்து அளவு பார்ப்பதில் தப்பே இல்லை.

முதலில் வீட்டிலேயே இஞ்ச் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். தினமும் என்ன உடுத்திக்கொண்டு வண்டி ஓட்டுவீர்களோ அதன் மேலேயே அளக்க வேண்டும், வெறும் பனியன் மேல் வேண்டாம். அக்குளுக்குக் கீழே மார்பைச் சுற்றி, இறுக்காமல். 39 இஞ்ச் வருகிறது என்று வையுங்கள். இப்போது கடையில் கோட்டின் கழுத்தில் ஒட்டியிருக்கிற எம், எல், எக்ஸ்எல் எதையும் நம்பாதீர்கள், ஒரு கம்பெனியின் எல் இன்னொரு கம்பெனிக்கு எம் ஆக இருக்கும். லேபிளில் 42 என்று எண் போட்டிருந்தாலும் அது உங்கள் மார்பளவா, கோட்டின் சுற்றளவா என்று தெரியாது. கோட்டை மேசையில் விரித்துப் போட்டு, ஒரு அக்குள் தையலிலிருந்து மறு அக்குள் தையல் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 23 வந்தால் கோட்டின் சுற்றளவு 46. உங்களுக்கு 39, ஆக 7 இஞ்ச் இடம் இருக்கிறது. மெல்லிய, மடித்தால் பைக்குள் அடங்குகிற நைலான், பாலியஸ்டர் கோட்டுக்கு 5 அல்லது 6 இஞ்ச் இடம் எனக்குப் போதும். ரெக்சின் மாதிரி கெட்டியான கோட்டு உடம்போடு வளையாது, அதற்கு 7, 8 இஞ்ச் விட்டால்தான் கையைத் தூக்க முடியும். முதுகில் பை மாட்டி அதற்கு மேல் கோட்டு போடுகிறவர் என்றால், பையையும் மாட்டிக்கொண்டே அளந்துவிடுங்கள்.

இறுக்கமான கோட்டு ஏன் நனைக்கிறது என்று கேட்கலாம். துணி உடம்போடு ஒட்டி இழுபடுகிற இடத்தில்தான் தையல் விரியும், உள்பக்கத்துப் பூச்சும் சீக்கிரம் உரியும். தோள், அக்குள், உட்காரும் இடம் இந்த மூன்றும்தான் முதலில் ஒழுகும். உட்காரும் இடத்தில் நம் பாரம் முழுக்க ஈர சீட்டின் மேல் அழுத்துகிறது, அந்த அழுத்தமே தண்ணீரைத் தையல் வழியாக உள்ளே தள்ளிவிடும். பேன்ட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், தையல் மேல் டேப் ஒட்டியிருக்கிறதா என்று. டேப் இல்லாவிட்டால் அளவு எவ்வளவு பொருந்தினாலும் பிரயோஜனம் இல்லை.

அப்புறம் கடைக்கு வெளியே நிற்கிற உங்கள் வண்டிக்கே போங்கள். கோட்டு, பேன்ட் இரண்டையும் போட்டு வண்டியில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கடைக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். இரண்டாவது முறை நான் வாங்கப் போன கடையில் ஒரு பெரியவர் நான் கேட்பதற்கு முன்னாலேயே, "மக்கா, வண்டியில இருந்து பாத்துட்டு வா, நான் இங்கதான நிக்கேன்" என்றார். அப்படித்தான் பார்க்க வேண்டும். ஹேண்டிலைப் பிடித்து இரண்டு கையையும் நீட்டுங்கள். கோட்டுக் கையின் நுனி மணிக்கட்டு எலும்பை மூடியிருக்க வேண்டும். மழை முன்னாலிருந்து அடிக்கும், அதனால் கைவாய் திறந்திருந்தால் தண்ணீர் நேரே முழங்கைக்கு ஓடும். ஒட்டுப்பட்டை வைத்த கைவாய் நல்லது. ஆனால் உள்ளங்கை வரை தொங்கினால் கிளட்ச், பிரேக் பிடிக்கும்போது மாட்டும், அது ஆபத்து, ஒரு அளவு குறைத்துவிடுங்கள். முன்னால் குனிந்து பாருங்கள், முதுகுப் பக்கம் ஏறி இடுப்பு தெரியக்கூடாது.

பேன்ட்டில்தான் அதிகம் ஏமாறுவோம். முட்டு மடங்கினால் துணி மேலே ஏறிவிடும். அதனால் வழக்கமான பேன்ட்டை விட 3 இஞ்சாவது நீளம் வேண்டும், உட்கார்ந்த நிலையில் கரண்டைக்காலை மூடி ஷூவின் மேல் விழ வேண்டும். நின்றால் தரையைத் தொடும், பரவாயில்லை. கீழே பட்டனோ ஒட்டுப்பட்டையோ போட்டு இறுக்கிக்கொள்ள வசதி இருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள், தொளதொளவென்று ஆடுகிற துணி செயினில் சிக்கும். செருப்போடு காலை நுழைக்க முடிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள், மழையில் ரோட்டோரம் ஒற்றைக் காலில் நின்று செருப்பைக் கழற்றி மாட்டுவது பெரிய தொல்லை.

எந்த ரோட்டில் ஓடுகிறீர்கள் என்பதும் அளவை மாற்றும், இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் தினமும் போகிறவருக்கு ஜூன், ஜூலைக் காற்று தெரியும், அத்தனை காற்றாடிகள் அங்கே நிற்பதே கணவாய் வழியாக வருகிற அந்தக் காற்றுக்காகத்தான். அங்கே ரொம்பத் தொளதொளப்பான கோட்டு பலூன் மாதிரி உப்பி வண்டியையே ஒரு பக்கம் இழுக்கும். அந்த வழிக்காரர்கள் இடம் விடுவதில் 1 இஞ்ச் குறைத்து, இடுப்பில் நாடா உள்ளதாக எடுங்கள். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் நேர்மாறு. காற்றை விட மழை அதிகம், மலையேற்றத்தில் உள்ளே வேர்த்து ஊற்றும், கொஞ்சம் தாராளமாக இருந்தால்தான் நல்லது. என் அப்பா அந்தப் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர், வேட்டிதான் கட்டுவார். வேட்டிக்கு மேல் மழைப் பேன்ட் ஏறாது, அவருக்கு முட்டுக்குக் கீழே வரைக்கும் வருகிற நீளக் கோட்டு வாங்கினோம். சேலை கட்டுகிறவர்களுக்கும் அதேதான், ஆனால் பட்டன் கடைசி வரைக்கும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கவாட்டில் உட்கார்ந்ததும் முன்பக்கம் விரிந்துவிடும். தலை வழியாக மாட்டுகிற போர்வை மாதிரிக் கோட்டு நடப்பவர்களுக்குச் சரி, வண்டிக்கு வேண்டவே வேண்டாம், பின்சக்கரம் இழுத்துக்கொள்ளும்.

ஹெல்மெட்டையும் போட்டுப் பாருங்கள். கோட்டின் தொப்பியை உள்ளே வைத்து ஹெல்மெட் போட்டால் அது தலையில் சரியாக உட்காராது. தொப்பியைக் கழற்றிவிட்டு காலரை மேலே வரை மூடுங்கள், கழுத்துக்கும் காலருக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைந்தால் போதும்.

துவைத்தால் சுருங்கும் என்று நினைத்து ஒரு அளவு பெரிதாக எடுக்கிறவர்கள் உண்டு. பருத்தி சுருங்கும், நைலானும் ரெக்சினும் அப்படிச் சுருங்காது. குழந்தைகளுக்கு வேண்டுமானால் அடுத்த வருஷத்துக்கும் சேர்த்து ஒரு அளவு கூட்டலாம், ஆனால் ஓடும்போது காலில் தட்டாத நீளமாக இருக்கட்டும்.

ஆன்லைனில் வாங்கினால் டேக்கைக் கிழிக்காமல், வீட்டு முற்றத்தில் வண்டியை ஸ்டாண்ட் போட்டு உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துவிடுங்கள். எல்லாம் பொருந்தி, இதுதான் என்று முடிவு செய்த பிறகு, அப்படியே உட்கார்ந்தபடி வீட்டில் ஒருவரை மடியில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். மடிப்பில் தண்ணீர் தேங்கும். ஐந்து நிமிஷம் அசையாமல் இருந்துவிட்டு எழுந்து, உள்ளே கை வைத்துப் பாருங்கள்.