சொரசொரப்பான மாடலில் டெக்கல் ஒட்டும் முறை

டெக்கல் என்பது தண்ணீரில் நனைத்து பிளாஸ்டிக் மாடலில் ஒட்டும் மெல்லிய படலப் படம். அது காய்ந்த பிறகு அதைச் சுற்றி வெள்ளி பூத்த மாதிரி மினுங்கினால், பசை சரியில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். பசையில் குறை இல்லை. படலத்துக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே சிக்கிய காற்று வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது, அவ்வளவுதான். இந்த வேலை முழுக்க அந்தக் காற்றை வெளியேற்றுகிற வேலைதான்.

சொரசொரப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட்டின் பொடிப்பு. பார்வைக்குத் தெரியாவிட்டாலும் விரலில் தட்டுப்படும். இது போயாக வேண்டும். இன்னொன்று மாடலிலேயே உள்ள மேடு பள்ளம்: இரண்டாம் உலகப் போர் ஜெர்மன் டாங்கியின் வரிவரியான சிமெரிட் பூச்சு, இஸ்ரேலின் மெர்காவா டாங்கியின் வழுக்காத பூச்சு, யுங்கர்ஸ் 52 விமானத்தின் நெளிநெளியான உடம்பு, லாரி பாடியின் பலகை வரி. இது அப்படியே இருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக நினைத்து, பள்ளம் மட்டமாகிற வரை கிளாஸ் (பளபளப்பு) வார்னிஷை அடிப்பவர்கள் காசு கொடுத்து வாங்கிய சிமெரிட்டையே மூடிவிடுகிறார்கள்.

பெயின்ட் ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகு கிளாஸை மெல்லிசாக மூன்று கோட் அடியுங்கள். கோட்டுக்குக் கோட் 15 முதல் 20 நிமிடம் இடைவெளி போதும். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பள்ளத்தின் அடியும் பளபளக்க வேண்டும். மேடு மட்டும் மின்னினால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

நம்ம நெல்லைப் பக்கத்துக் காலநிலை இங்கேதான் கழுத்தறுக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் ஏர்பிரஷை (காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் கருவி) தள்ளிப் பிடித்தால் வார்னிஷ் பறக்கும்போதே காய்ந்து மணல் மாதிரி ஒட்டும். கிட்டே பிடியுங்கள், அக்ரிலிக் என்றால் காய்வதை மெதுவாக்கும் ரிட்டார்டர் இரண்டு சொட்டு சேருங்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று தூசியை வாரிக்கொண்டு வரும். சன்னலைச் சாத்திவிட்டு, அடித்த மாடலை உடனே ஒரு டப்பாவால் மூடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் லாக்கர் வார்னிஷ் வேண்டாம், ஈரத்தில் வெளுத்துப்போகும்.

தண்ணீரும் முக்கியம். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து உப்பு போர்வெல் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு நிற்கும். மெக்கானிக் கடையில் கிடைக்கும் பேட்டரித் தண்ணீர் ஒரு பாட்டில் வாங்கிவைத்தால் மாதக்கணக்கில் வரும். டிஸ்டில்ட் வாட்டர்தானா என்று பார்த்து வாங்குங்கள், ஆசிட்டை எடுத்துவிடாதீர்கள்.

டெக்கலின் ஓரத்தில் படம் இல்லாத வெற்றுப் படலத்தை வெட்டி நீக்குங்கள். 15 விநாடி தண்ணீரில் முக்கி எடுத்து, டிஷ்யூவில் ஒரு நிமிடம் வையுங்கள். ஒட்டும் இடத்தில் செட்டரை, அதாவது டெக்கலைப் பரப்பில் பிடிக்கவைக்கும் திரவத்தை, தாராளமாகத் தடவி (மைக்ரோ செட், மிஸ்டர் மார்க் செட்டர், எதுவானாலும் சரி), டெக்கலை அதன் மேல் நழுவவிட்டு நேர்ப்படுத்துங்கள். செட்டர் இல்லையென்றால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் ஓரளவு சமாளிக்கலாம். நடுவிலிருந்து ஓரத்துக்கு ஈர பட்ஸை உருட்டி நீரை எடுங்கள். தேய்க்கக் கூடாது.

பத்து நிமிடம் கழித்து சாஃப்ட்னர், அதாவது படலத்தை இளக்கும் திரவம். மைக்ரோ சோல் மென்மையானது, மிஸ்டர் மார்க் சாஃப்டர் அதைவிடக் காரம். ஒரு கோட் தடவியதும் டெக்கல் சுருங்கி, இனி தேறாது என்கிற மாதிரி கிடக்கும். அப்போது கை வைத்தால் கிழியும். அரை மணி நேரம் விட்டால் தானே படியும். சாதாரணப் பரப்புக்கு ஒரு கோட் போதும். சிமெரிட்டுக்கு மூன்று, நான்கு தேவைப்படும். ஒவ்வொரு கோட்டும் முக்கால்வாசி காய்ந்த நிலையில், குட்டையாக வெட்டிய கெட்டி பிரஷ்ஷின் நுனியால் செங்குத்தாகக் குத்திக் குத்திப் பள்ளத்துக்குள் இறக்குங்கள். இந்தத் தருணத்தைத் தவறவிட்டால் எத்தனை கோட் போட்டும் படலம் கூடாரம் மாதிரி மேட்டுக்கு மேடு தொங்கிக்கொண்டே இருக்கும். டாமியா கம்பெனி மாடல் பெட்டியோடு வருவது போன்ற தடித்த டெக்கலுக்கு, சுடுநீரில் நனைத்த பட்ஸை அழுத்திப் பிடிப்பது நன்றாக வேலை செய்யும்.

காய்ந்த பின்னும் குமிழி தெரிந்தால் ஊசியால் பள்ளத்தோடு பள்ளமாகக் குத்தி, துளை வழியாக சாஃப்ட்னரை இறக்குங்கள். மேட்டு முனையில் படலம் வெடித்திருந்தால் அதே நிறப் பெயின்ட்டைத் தொட்டுவைத்தால் போதும். சிமெரிட் 1943 பிற்பாதியிலிருந்து 1944 செப்டம்பர் வரை தொழிற்சாலையிலேயே பூசப்பட்டது. எண்களை அந்த வரிகளின் மேல்தான் பெயின்ட்டால் எழுதினார்கள். கொஞ்சம் ஒழுங்கில்லாமல் இருப்பது அதற்குப் பொருந்தும்.

யுங்கர்ஸ் 52 கதை வேறு. நெளிவின் மேல் ஏறி இறங்குவதற்கு, தட்டையாக அளந்ததைவிட அதிக நீளம் வேண்டும். ஜெர்மன் அடையாளமான பெரிய சிலுவை டெக்கலை அப்படியே போட்டால் ஒன்று பள்ளத்தில் இறங்காது, இல்லையென்றால் அகலம் குறையும். புது பிளேடால் ஒவ்வொரு பள்ளத்தின் அடியிலும் ஒரு கீறல் போட்டு, சாஃப்ட்னர் கொடுத்து, விலகிய இடைவெளியைப் பெயின்ட்டால் நிரப்புங்கள்.

டயோரமாவில் (மாடலை வைத்து அமைக்கும் குட்டிக் காட்சி) ஊர்ச் சுவர் விளம்பரமோ, லாரிப் பலகையில் தமிழ் எழுத்தோ வேண்டுமானால் டெக்கல் தாளில் வீட்டிலேயே அச்சடிக்கலாம். இன்க்ஜெட் என்றால் அச்சடித்ததும் தெளிவான அக்ரிலிக் ஸ்பிரே இரண்டு கோட் கட்டாயம். இல்லையென்றால் தண்ணீரில் மை கரைந்து ஓடும். சாதாரணப் பிரிண்டர் வெள்ளை அடிக்காது என்பதால், நிறச் சுவரில் வெளிர் எழுத்து வேண்டுமென்றால் வெள்ளைப் படலத் தாள் வாங்குங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சுவர் தண்ணீரை உறிஞ்சும். டெக்கல் நகராமல் வைத்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். முதலில் வார்னிஷ் இரண்டு கோட் கொடுத்து சுவரின் தாகத்தைத் தீர்த்துவிடுங்கள்.

ஒரு ராத்திரி விட்டு, ஈர பட்ஸால் மிச்சப் பசையைத் துடைத்து, மெல்லிய கிளாஸ் ஒன்று, அதன் மேல் மேட். பசை மிச்சம் இருந்தால் மேட் அடித்த பிறகு பழுப்புக் கறையாகத் தெரியும். மணல் தாள் அளவுக்குக் கரடுமுரடான பரப்பு என்றால் டெக்கலோடு மல்லுக்கட்ட வேண்டாம். மாஸ்கிங் டேப்பில் எழுத்தை வெட்டி, பஞ்சில் பெயின்ட்டை ஒற்றி எடுங்கள், கால் மணி நேரத்தில் முடியும்.