எல்லோரும் வருகிற கலைவிழா நடத்துவது எப்படி? வேலூர்ப் பக்கத்து ஆட்களுக்குச் சில யோசனைகள்

'நல்லிணக்க விழா' என்று பேனர் கட்டி, ஒரு பரதம், ஒரு பறையாட்டம், ஒரு கவ்வாலி என்று வரிசையாக மேடையேற்றி, நடுவில் நாலு பேர் பேசி, சால்வை போர்த்தி, போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிற நிகழ்ச்சிகள் நம் பக்கம் ஏராளம். மேடையில் எல்லாரும் இருப்பார்கள். கீழே இறங்கிப் பார்த்தால் பரதம் ஆடிய பிள்ளைகளுக்கு மின்விசிறி போட்ட அறை, பறை அடித்தவர்கள் வேன் மறைவில் நின்று சாப்பாட்டுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருப்பார்கள், சக்கர நாற்காலியில் வந்த அம்மா கடைசி வரிசைக்கும் பின்னால் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில். இதை மாற்றப் பெரிய பணம் வேண்டாம். வேலையைச் செய்கிற வரிசையை மாற்றினால் போதும்: முதலில் ஆட்கள், அப்புறம் தேதி, அப்புறம் இடம், கடைசியில்தான் நிகழ்ச்சி நிரல். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், நோட்டீஸ் அடித்த பிறகு "உங்க ஆட்களையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்று போன் போடுகிறார்கள்.

ஆட்கள் என்றால் யார் யார்? ஒரு காகிதத்தை எடுத்து உங்கள் ஊரைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் யார் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்றால் வீட்டில் உருது பேசுகிறவர்கள் இருப்பார்கள். குடியாத்தம், காட்பாடிப் பக்கம் தெலுங்கு. ஜவ்வாது மலையில் மலையாளி பழங்குடி மக்கள். ஏரிக்கரைகளில் இருளர் குடும்பங்கள். மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் முகாம். தோல் தொழிற்சாலைகளில் வடக்கேயிருந்து வந்த இளைஞர்கள். வேலூர் நகரத்துக்குள் என்றால் சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வந்து வாரக்கணக்கில் லாட்ஜில் தங்கியிருக்கிற வங்காள, ஜார்க்கண்ட், வடகிழக்குக் குடும்பங்கள். காந்தி ரோட்டுக் கடைப் பலகைகளில் வங்காள எழுத்தே வந்துவிட்டது, நம் விழா நோட்டீஸில்தான் இன்னும் வரவில்லை. இவர்கள் எல்லாரோடும் திருநங்கைகள், திருநம்பிகள், மாற்றுத்திறனாளிகள், வெளியே வர யாராவது துணை வேண்டியிருக்கிற முதியவர்கள். ஒரே விழாவில் அத்தனை பேரையும் மேடையேற்ற முடியாது, முயலவும் வேண்டாம். மூன்று நான்கு தரப்பை எடுத்துக்கொண்டு அவர்களோடு ஒழுங்காகச் செய்வது நல்லது.

அந்த மூன்று நான்கு தரப்பிலிருந்தும் இரண்டிரண்டு பேர், அதில் ஒருவராவது பெண், குழுவில் இருக்கட்டும். குழுக் கூட்டத்தை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஒரு தடவை காலனி சமுதாயக் கூடம், ஒரு தடவை மதரஸா திண்ணை, ஒரு தடவை முகாமுக்குள். யார் எங்கே வரத் தயங்குகிறார்கள் என்பது இரண்டாவது கூட்டத்திலேயே தெரிந்துவிடும், அதைத் தெரிந்துகொள்வதற்காகத்தான் இந்த அலைச்சல். பீடி சுற்றுகிற, ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்கள் வரவேண்டும் என்றால் கூட்டம் ஞாயிற்றுக்கிழமைதான், வேறு வழியில்லை.

தேதியைப் பற்றி நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. பங்குனி தொடங்கினால் பாரதக் கூத்துக் காலம், நல்ல ஜமாக்கள் (கூத்துக் குழுக்கள்) எல்லாம் ஊர் ஊராக தாம்பூலம், அதாவது ஆட ஒத்துக்கொண்டு முன்பணம், வாங்கியிருப்பார்கள். மாசி அமாவாசையில் மயானக் கொள்ளை, அன்றைக்கு ஒரு பம்பைக்காரர்கூடக் கிடைக்கமாட்டார். வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அந்தப் பக்கம் முழுக்க அங்கேதான் இருக்கும், வெயிலும் மண்டையைப் பிளக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை. ரம்ஜான் நோன்பு ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும், போன வருஷக் காலண்டரை வைத்து முடிவு செய்யாதீர்கள். இத்தனையும் கழித்தால் பொங்கல் முடிந்து தை மாதத்தின் பின்பாதி ஞாயிறுகள்தான் வசதியானவை. சாயங்காலம் நாலு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிக்கலாம். சூரியன் மறைந்ததும் மக்ரிப் தொழுகை, அந்த நேரத்தில் இருபது நிமிடம் டீ இடைவேளை என்று நிரலிலேயே அச்சடித்துவிடுங்கள். "தொழுகைக்காக நிறுத்துகிறோம்" என்று மைக்கில் பெருமையாக அறிவிக்க வேண்டியதில்லை, டீ குடிக்கட்டும், தொழுகிறவர்கள் தொழுதுவிட்டு வரட்டும்.

இடம் என்றதும் வேலூர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கோட்டை. கோயிலும் சர்ச்சும் மசூதியும் ஒரே மதிலுக்குள் இருக்கிற இடம், ஆசை வருவது நியாயம்தான். ஆனால் அது மத்தியத் தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது, அனுமதிக்கு ரொம்ப முன்னாலேயே எழுத வேண்டும், வரும் என்று நம்பி நோட்டீஸ் அடிக்கக் கூடாது. கிராமம் என்றால் கோயில் வாசல் வேண்டாம் என்பேன். கோயில் வாசலில் வைத்தால் காலனி ஆட்கள் தெருமுனையில் நின்றுதான் பார்ப்பார்கள், காலனிக்குள் வைத்தால் ஊர்க்காரர்கள் வரமாட்டார்கள், இது தெரியாதவர் யாரும் இல்லை. சந்தை மைதானம், பஸ் நிற்கிற திடல் மாதிரி எல்லாரும் ஏற்கெனவே காலடி வைக்கிற இடமாகப் பாருங்கள்.

காவல் நிலையத்தில் அனுமதியும் ஒலிபெருக்கி அனுமதியும் எழுதி வாங்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருக்கலாம். சி.எம்.சி. சுற்றுவட்டத்தில் செய்ய நினைப்பவர்கள் இதை மனதில் வையுங்கள், அங்கே மண்டபத்துக்குள் மைக் இல்லாமல் பாட்டு, கதை என்று வைப்பதுதான் சரி. விடிய விடிய நடக்கிற தெருக்கூத்தை இந்த நேரத்துக்குள் எப்படி அடக்குவது? ஜமா வாத்தியாரிடம் "இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கட்டம் மட்டும்" என்று முன்கூட்டியே சொன்னால் எதை எடுக்கலாம் என்று அவரே சொல்வார். வெட்டிச் சுருக்குகிற வேலையை நீங்கள் செய்யாதீர்கள்.

இன்னொன்று, மேடையே வேண்டாம். கூத்துக்குத் தரையில் களரி (ஆடுகிற இடம்) போதும், பின்னால் வாத்தியக்காரர்களுக்கு ஒரு பெஞ்சு, முன்னால் திரை பிடிக்க இரண்டு ஆள். மூன்று பக்கமும் ஜனம். மேடை போட்டால் சரிவுப்பாதை போட வேண்டும், ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது கணக்கு, இரண்டடி மேடைக்கு 24 அடி; பந்தல்காரர் போடுகிற செங்குத்துப் பலகையில் சக்கர நாற்காலி ஏறாது, ஏற்றினால் கவிழும். தரையில் நடத்தினால் இந்தத் தொல்லையே இல்லை, முதல் வரிசையில் பாய்க்குப் பக்கத்திலேயே நாற்காலிகளுக்கு இடம் விடலாம், கூட வருகிறவருக்கும் பக்கத்திலேயே ஓர் இடம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கலை, பொழுதுபோக்கு பற்றித் தனிப் பிரிவே இருக்கிறது, ஆனால் சட்டத்தைக் காட்டிச் செய்ய வேண்டிய வேலையா இது? சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள், இரண்டு பேராக அழையுங்கள், அரைமணிக்கு ஒருமுறை மாறிக்கொள்ளட்டும், அவர்கள் முகத்திலும் கையிலும் வெளிச்சம் விழுகிற மாதிரி ஒரு லைட்டைத் தனியாகப் போடுங்கள். பறைச் சத்தம் தாங்காத பிள்ளைகளுக்கு மைதானத்தின் கோடியில் ஒரு சின்னப் பந்தல், உள்ளே பாயும் தண்ணீரும் இருந்தால் போதும்.

பார்வையில்லாதவர்கள் வருகிறார்கள் என்று தெரிந்தால் இதைச் செய்து பாருங்கள். வேஷம் கட்டத் தொடங்கும்போதே அவர்களைக் கூத்தாடிகள் இருக்கும் இடத்துக்கு அழைத்துப் போங்கள், வாத்தியாரிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டு. கிரீடத்தைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். மரம்தானே, கனமாக இருக்கும் என்று நினைத்து வாங்குவார்கள், கல்யாண முருங்கைக் கட்டையில் செய்ததால் கையில் எடையே இருக்காது, விரலைப் பதித்துக்கொண்டு போனால் ஒட்டியிருக்கிற கண்ணாடிச் சில்லுகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்படும். அப்புறம் தோளில் கட்டுகிற புஜகீர்த்தி, மார்புப் பதக்கம், கடைசியில் கால் சலங்கை. அதற்குப் பிறகு களரியில் சலங்கைச் சத்தம் கேட்கும்போது யார் சுற்றி வருகிறார், எந்தப் பக்கம் திரும்பினார் என்று அவர்களே பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்வார்கள்.

பறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விழா தொடங்குமுன் கூட்டம் சேர்க்க ரோட்டில் அடிக்கவைத்து, பிரமுகர் வந்ததும் ஓரங்கட்டுவது நம் பழக்கம். அதை விடுங்கள். நிரலில் மற்றவர்களுக்கு இருக்கிற அதே நிமிடங்கள், அதே பெயர் அச்சு. தோலைச் சூடேற்றித்தான் பறையைச் சுதிக்குக் கொண்டுவருவார்கள். வைக்கோலும் சுள்ளியும் போட்டு மூட்டிய தீயின் மேல் பறையைச் சாய்த்துப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள், நடுநடுவே அடிக்குச்சியால் ஒரு தட்டு, மந்தமாக இருந்த ஓசை கொஞ்சம் கொஞ்சமாக இறுகி 'கணீர்' என்று வரும். இதற்குப் பந்தலை விட்டுத் தள்ளி ஓர் இடமும் ஒரு மணல் வாளியும் ஏற்பாடு செய்து, ஆட்டம் தொடங்கும் நேரத்தை அவர்களிடம் சரியாகச் சொல்லுங்கள். அரைமணி தாமதமானால் தோல் தளர்ந்துவிடும், திரும்பத் தீமூட்ட வேண்டும். அதோடு, காலனி என்றாலே பறை என்று நீங்களாகத் தீர்மானிக்காதீர்கள். சாவுக்கு அடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட கருவி என்று அதைத் தொட மறுக்கிற குடும்பங்கள் உண்டு, உரிமைக் குரல் என்று பெருமையாக எடுத்து அடிக்கிற இளைஞர்களும் அதே தெருவில் உண்டு. என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று கேளுங்கள். ராப் பாட வேண்டும் என்று சொன்னால் ராப்.

பெண்களுக்கும் இதே கேள்விதான். கூத்தில் பெண் வேஷத்தை ஆண்களே கட்டுவது வழக்கம், ஆனால் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் பெண் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்து ஆடவைத்திருக்கிறது, ஆகவே "மரபில் இல்லையே" என்று யாராவது இழுத்தால் பதில் இருக்கிறது. கலைஞர்களைத் தேட மாவட்டக் கலை மன்றத்தில் கேட்கலாம், நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை வைத்திருப்பவர்கள் வழியாகவும் போகலாம். 1989-ல் வட ஆற்காடு மாவட்டம் இரண்டானது, 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றானது, ஆனால் ஜமாக்கள் அப்படிப் பிரியவில்லை. செய்யாறு பக்கம் புரிசை வரைக்கும் போய்க் கேளுங்கள், அந்த ஊர்க் கூத்துக்கு நாடெங்கும் பெயர் இருக்கிறது.

நிகழ்ச்சியைத் தொகுக்க டி.வி. பாணியில் ஆள் பிடிக்காதீர்கள். கூத்தில் கோமாளியாக வருகிற கட்டியங்காரன் இருக்கும்போது தொகுப்பாளர் எதற்கு? ராஜாவையும் கேலி செய்வான், கூட்டத்தையும் கேலி செய்வான், கதையையும் நகர்த்துவான். உருதுக் கவிதை படிக்கிறவரிடம் "இதுக்கு என்னாங்க அர்த்தம், எனக்கு மட்டும் சொல்லுங்க" என்று அவன் கேட்டால் ஜனத்துக்கு மொழிபெயர்ப்பும் ஆச்சு, சிரிப்பும் ஆச்சு. ஆனால் ஓர் எச்சரிக்கை. அதே கட்டியங்காரன் பழக்கதோஷத்தில் திருநங்கைகளையோ, திக்கிப் பேசுகிறவர்களையோ, வடக்கத்திப் பையன்களின் தமிழையோ வைத்து ஜோக் அடித்தால் மொத்த விழாவும் அந்த ஒரு நிமிடத்தில் போச்சு. முதல் நாளே உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். நல்ல கலைஞர் புரிந்துகொள்வார், மாற்றுச் சரக்கு அவரிடம் நிறைய இருக்கும்.

பணம். "இலவசமா ஆடுங்க, விளம்பரம் கிடைக்கும்" என்கிற பேச்சே கூடாது. என் கருத்து, ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை, பரதமோ பம்பையோ. பயணச் செலவு தனி. மத்தளக்காரர் நட்டுவாங்கக்காரருக்குக் குறைந்தவர் இல்லை. முன்பணத்தைத் தாம்பூலத்தோடு கொடுத்து, மீதியை வேஷம் கலைத்ததும் கையில் கொடுத்துவிடுங்கள், "நாளைக்கு ஜிபே பண்றேன்" வேண்டாம்.

சாப்பாடு எல்லாருக்கும் ஒரே பந்தி, கலைஞர்களும் பார்வையாளர்களும் கலந்துதான். பிரியாணி போடுவதா வேண்டாமா என்று குழுவில் பெரிய சண்டை வரும். தக்காளி சாதம், தயிர் சாதம், வாழைப்பழம் என்றால் யாருக்கும் சங்கடமில்லை, செலவும் குறைவு. ஆனால் எல்லாரும் ஒத்துக்கொண்டால் ஹலால் பிரியாணி இன்னொரு வரிசையில் இருக்கட்டும், ஆம்பூர்ப் பக்கம் பிரியாணி இல்லாத விழாவுக்கு மரியாதையே கிடையாது. கழிப்பறையில் ஒன்றாவது பாலினப் பலகை இல்லாமல், தாழ்ப்பாள் சரியாக, படி இல்லாமல்.

போட்டோ விஷயத்தில் கறாராக இருங்கள். முகாம் ஆட்கள், நோயாளிகளோடு வந்தவர்கள், வீட்டுக்குச் சொல்லாமல் வந்திருக்கிற திருநங்கை, இவர்கள் யார் முகமும் கேட்காமல் வாட்ஸ்அப்பில் போகக் கூடாது. நுழைவாயிலில் ஒரு மஞ்சள் நாடா கொடுத்து, கையில் கட்டியிருந்தால் படம் வேண்டாம் என்று அர்த்தம் என வைத்துக்கொள்ளலாம். நாடா கட்டியவரை விட்டுவிட வேண்டும் என்பது போட்டோகிராபருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முடிந்த அடுத்த ஞாயிறே குழு மறுபடி கூடட்டும், எந்தத் தரப்பிலிருந்து யார் வரவில்லை, ஏன் என்று வீடு தேடிப் போய்க் கேட்டு வந்து சொல்லட்டும். வரவு செலவை ஒரு தாளில் எழுதி, கூட்டம் நடந்த இடங்கள் அத்தனையிலும் ஒட்டிவிடுங்கள், டீக்குச் செலவானதுகூட அதில் இருக்கட்டும்.