த்ரீடி மாடலிலிருந்து லேசர் கட்டிங்குக்கு டிராயிங் எடுப்பது எப்படி?

சேகோ ஃபேக்டரிக்கு மெஷின் செய்கிற சேலத்துப் பட்டறையானாலும் சரி, ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துப் பல்ப்பருக்கு (காப்பிப் பழத்தின் தோலை நீக்கும் மெஷின்) மாற்றுப் பாகம் செய்கிற பட்டறையானாலும் சரி, லேசர் கட்டிங் கடையில் முதலில் கேட்பது "டிஎக்ஸ்எஃப் இருக்குங்களா?" என்றுதான். டிஎக்ஸ்எஃப் என்பது வெட்டவேண்டிய கோடுகள் உள்ள டூடி டிராயிங் ஃபைல். கையில் இருப்பதோ த்ரீடி மாடல். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் சாஃப்ட்வேரில் 'டிரேஸ் பிட்மேப்' (படத்தைக் கோடாக மாற்றுவது) போடுகிற வேலை வேண்டாம். அது ஒவ்வொரு கோட்டையும் கறுப்புப் பட்டையாக நினைத்து இரண்டு கரையையும் வரைந்து வைக்கும், அளவும் போய்விடும். த்ரீடி மாடலுக்கு ஃப்ரீகேட், டூடி டிராயிங்குக்கு லிப்ரேகேட், படத்துக்கு இங்க்ஸ்கேப், மூன்றுமே இலவசம், அவை போதும்.

எந்த ஃபைல் வாங்குவது

மாடல் கொடுப்பவரிடம் 'ஸ்டெப்' ஃபைல் கேளுங்கள். அதில் வட்டம் வட்டமாகவே இருக்கும். எஸ்டிஎல் ஃபைலில் எல்லாமே முக்கோணத் துண்டுகள். வட்டம் என்று தெரிவது பல பக்கங்கள் கொண்ட பலகோணம். 6205 பேரிங்கின் வெளி விட்டம் 52 மி.மீ. அந்தத் துளை எஸ்டிஎல்லில் 24 பக்கமாக வந்திருந்தால், எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே 51.55 மி.மீ.தான் இருக்கும். பேரிங் உள்ளே போகாது. எஸ்டிஎல் ஃபைலில் அலகும் கிடையாது. வெறும் எண்கள்தான், மி.மீ.யா இஞ்சா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

எஸ்டிஎல்தான் கிடைத்தது என்றால், ஃப்ரீகேட்டின் 'பார்ட்' வொர்க்பெஞ்சில் (வேலைக்கேற்ற கருவித் தொகுதி) 'கிரியேட் ஷேப் ஃப்ரம் மெஷ்' கொடுத்து, சாலிடாக மாற்றி, 'ரிஃபைன் ஷேப்' போட்டால் தட்டைப் பரப்புகளில் உள்ள குறுக்குக் கோடுகள் மறையும். துளைகள் மாறாது. அவற்றை லிப்ரேகேட்டில் சரிசெய்யலாம்: பலகோணத்தின் மூலைகள் பெரும்பாலும் அசல் வட்டத்தின் மேல்தான் இருக்கும். மூன்று மூலைகளைத் தொட்டு 'மூன்று புள்ளி வட்டம்' வரைந்து, பழைய பலகோணத்தை அழித்துவிடுங்கள்.

தட்டையான பாகம்

ஃப்ரீகேட்டில் மாடலைத் திறந்து, வெட்டவேண்டிய ஒரு முகத்தை மட்டும் கிளிக் செய்யுங்கள். 'டிராஃப்ட்' வொர்க்பெஞ்சில் 'ஷேப் டூடி வியூ' கொடுத்து, 'புரொஜெக்ஷன் மோட்' என்பதை 'இண்டிவிஜுவல் ஃபேசஸ்' ஆக்குங்கள். முழுப் பாகத்தையும் கொடுத்தால் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். திரையில் ஒரே கோடு. லேசர் அதே வழியில் இரண்டு முறை போய் விளிம்பைக் கருக்கிவிடும். சந்தேகம் வந்தால் ஒரு கோட்டை அழித்துப் பாருங்கள். அடியில் இன்னொன்று இருந்தால் இரட்டைக்கோடு.

முகம் பார்வைத் திசைக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால் வட்டங்கள் நீள்வட்டமாகிவிடும். பாகத்தை முதலில் எக்ஸ்-ஒய் தளத்தில் படுக்க வைத்து, 'புரொஜெக்ஷன்' மதிப்பு 0,0,1 என்று இருக்கிறதா பாருங்கள். பிறகு டிஎக்ஸ்எஃப் ஆக எக்ஸ்போர்ட்.

இந்த ஃபைலை இங்க்ஸ்கேப் வழியாகக் கொண்டு போகாதீர்கள். அது வட்டத்தையும் வில்லையும் பெசியர் வளைவாக (ஸ்ப்ளைன் என்கிற நெளிகோடு) மாற்றிவிடும். ஸ்ப்ளைன் ஏற்காத மெஷின் சாஃப்ட்வேர் அதைத் துண்டு துண்டாக வெட்டும். இங்க்ஸ்கேப் வழியாக வந்த பழைய ஃபைலில் 100 மி.மீ. என்பது 93.75 என்றோ 106.67 என்றோ காட்டினால், 90-க்கும் 96-க்கும் உள்ள டிபிஐ (ஒரு இஞ்சுக்கு எத்தனை புள்ளி) குழப்பம் அது. 25.4 மடங்கு வித்தியாசம் என்றால் இஞ்சு.

வளைக்கிற பாகம்

தவறு அதிகம் நடப்பது இங்கேதான். 3 மி.மீ. தகடு, உள் ஆரம் 3, 90 டிகிரி வளைவு, வெளி அளவு 40-க்கு 60 எல் பிராக்கெட் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பக்கத்திலும் ஆரமும் தடிமனுமாக 6 கழித்தால் 34, 54. வளைவு நீளத்துக்கு 1.571 × (3 + கே × 3). 1.571 என்பது 90 டிகிரிக்கான π/2. கே ஃபேக்டர் என்பது, வளைக்கும்போது நீளம் மாறாத கோடு தகட்டின் உட்பக்கத்திலிருந்து தடிமனில் எத்தனை பங்கு தள்ளி இருக்கிறது என்பது. அது 0.4 என்றால் 6.6, மொத்தம் 94.6 மி.மீ. கே 0.33 என்றால் 94.3, 0.5 என்றால் 95.1. இந்த 0.8 மி.மீ. வித்தியாசத்தில், வளைத்த பிறகு போல்ட் துளைகள் ஒன்றோடொன்று பொருந்தாது. கே மதிப்பை நெட்டில் தேடாமல், வளைக்கப் போகிற பெண்டிங் கடையில் கேளுங்கள். அவர்களுக்கே தெரியாவிட்டால் 100 மி.மீ. துண்டு ஒன்றை வளைத்து அளந்து கணக்குப் போட்டுவிடலாம். ஃப்ரீகேட்டில் 'ஷீட் மெட்டல்' ஆட்-ஆன் போட்டு 'அன்ஃபோல்ட்' கொடுத்தால், அந்த மதிப்பில் விரித்த ஸ்கெட்ச் கிடைக்கும். வளைவுக் கோடுகளை வெட்டுக்கோடுகளோடு சேர்க்காமல் தனி லேயரில் வையுங்கள். இல்லாவிட்டால் அதையும் வெட்டிவிடுவார்கள்.

கேட்லாக் படம்

காகிதத்துக்கான படம் வேறு வேலை. ஃப்ரீகேட்டின் 'டெக்டிரா' வொர்க்பெஞ்சில் பக்கம் திறந்து, பார்வைத் திசை 1,-1,1 கொடுத்து வியூ சேர்த்து, எஸ்விஜி ஆக எடுங்கள். 'ஸ்மூத்', 'சீம்' கோடுகளை அணைத்துவிட்டால் உருளை மேல் தேவையில்லாத கோடுகள் விழாது. அதற்கப்புறம் இங்க்ஸ்கேப்பில் குரூப்பைப் பிரித்து, வெளிக்கோடு 0.5, உள்கோடு 0.25 மி.மீ. வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும். கொலுசு டிசைன் போல வளைந்து நெளியும் மெஷ் மாடலுக்கு (எஸ்டிஎல் போல முக்கோணத் துண்டுகளாலானது) பிளெண்டர் என்ற த்ரீடி சாஃப்ட்வேரின் 'லைன் ஆர்ட்' பொருத்தம். கேமராவை ஆர்த்தோகிராஃபிக்கில் (தூரத்தால் அளவு சுருங்காத பார்வை) வைத்து, கோடுகள் மிஞ்சினால் 'கிரீஸ்' கோணத்தைக் குறைக்கவும்.

கட்டிங் கடைக்கு வாட்ஸாப்பில் ஃபைலை 'டாக்குமெண்ட்' ஆகவே அனுப்புங்கள். கூடவே மெட்டீரியல், தடிமன், எண்ணிக்கை, சரிபார்க்க ஒரு வெளி அளவு. லேசர் தின்னும் அகலத்துக்காக நீங்களே அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டாம். அதை மெஷின்காரர் தன் சாஃப்ட்வேரில் போட்டுக்கொள்வார், நீங்களும் போட்டால் இரண்டு தடவை ஆகிவிடும்.