ஒரே லைனில் ஐந்து கன்வெர்ட்டர்: முதலில் மேசையில், பிறகு சுவரில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகப் பக்கம் ஒரு குளிரறைக் கிடங்கு. ஐந்து அறைக்கும் ஐந்து வெப்பநிலை கன்வெர்ட்டர் (சென்சார் அளவைக் கணினி படிக்கும் எண்ணாக மாற்றும் கருவி); எல்லாம் ஒரே ஆர்எஸ்-485 லைனில் (ஏ, பி என்ற ஒரே ஜோடிக் கம்பியில் பல கருவிகளை இணைக்கும் முறை). பேசும் மொழி மோட்பஸ் ஆர்டியூ: கணினி முகவரி எண்ணைச் சொல்லிக் கேட்கும், அந்தக் கருவி பதில் சொல்லும். முதன்முறை செய்பவர்கள் ஐந்தையும் மாட்டிவிட்டுத்தான் செட்டிங்கில் கை வைப்பார்கள். அங்கேதான் சிக்கல். புதிதாக வரும் கன்வெர்ட்டர்களுக்குப் பெரும்பாலும் முகவரி 1. "1, பதில் சொல்" என்றதும் ஐந்தும் ஒன்றாக வாய் திறக்கும். கிடைப்பது சிஆர்சி பிழை, அதாவது செய்தி சிதைந்துவிட்டது என்ற எச்சரிக்கை. "1, நீ இனி 2" என்று மாற்றினாலோ, ஐந்துமே 2 ஆகிவிடும்!

வேண்டியவை: யூஎஸ்பி–ஆர்எஸ்485 அடாப்டர், 24 வோல்ட் டிசி சப்ளை, 120 ஓம் மின்தடை இரண்டு, முறுக்கு ஜோடிக் கேபிள் (கேட்5 போதும்), மல்டிமீட்டர்.

மேசையில்:

1. ஒரே ஒரு கன்வெர்ட்டரை மட்டும் அடாப்டரோடு இணையுங்கள். வேகம் 9600 பாட், 8 பிட், பாரிட்டி (பிழை பார்க்கும் கூடுதல் பிட்) இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று தொடங்குங்கள்.

2. பதிலே இல்லையா? ஏ, பி கம்பிகளை மாற்றிப் போடுங்கள், எதுவும் எரியாது. ஒரு கம்பெனியின் ஏ இன்னொன்றுக்கு பி, அவ்வளவுதான். பிறகும் மௌனம் என்றால் ஈவன் பாரிட்டி வைத்துப் பாருங்கள். மோட்பஸ் விதிப்படி அதுதான் இயல்பு.

3. முகவரியை 11 என்று எழுதுங்கள். அடுத்தது 12, அப்படியே 15 வரை. 1-ஐக் காலியாக விடுவது வேண்டுமென்றேதான்: நாளை பழுதானதற்குப் பதில் புதியது வந்தால் யாரோடும் மோதாது.

4. கரண்டை நிறுத்தி மறுபடி போட்டு, புதிய முகவரியில் படியுங்கள். பல கருவிகள் மறுதொடக்கத்துக்குப் பிறகுதான் மாறும். சேமிக்காததை அடுத்த மின்வெட்டு அழித்துவிடும். எண்ணை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிட்டு அடுத்ததை எடுங்கள்.

சுவரில்:

கேபிள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொடராகப் போகட்டும். நடுவிலிருந்து நட்சத்திரமாகப் பிரிக்காதீர்கள். 120 ஓம் மின்தடை லைனின் இரண்டு முனைகளில் மட்டும், ஏ–பி நடுவே (சிக்னல் முனையில் மோதித் திரும்பாமல் தடுக்க). சப்ளையை நிறுத்தி ஏ–பி நடுவே அளந்தால் சுமார் 60 ஓம் வரவேண்டும். 120 காட்டினால் ஒரு முனையில் மின்தடை விட்டுப்போயிருக்கிறது. 40 காட்டினால் மூன்றாவது ஒன்று எங்கோ ஒளிந்திருக்கிறது. பெரும்பாலும் ஏதோ ஒரு கன்வெர்ட்டருக்குள் இருக்கும் மின்தடையை இணைத்துவிட்ட ஜம்பர் (சிறு இணைப்புத் துண்டு) தான்.

மூன்றாவது கம்பியாகக் கிரவுண்டையும் இழுங்கள். இரண்டு கம்பியே போதும் என்பார்கள், நம்பாதீர்கள். ஏ, பி மின்னழுத்தம் கிரவுண்டிலிருந்து −7 முதல் +12 வோல்ட்டுக்குள் இருந்தால்தான் ரிசீவர் ஒழுங்காகப் படிக்கும். லைன் வேறொரு கட்டடத்துக்குப் போனால் ஐசோலேட்டட் வகை (லைனையும் கணினியையும் மின்சார ரீதியாகப் பிரித்து வைக்கும்) அடாப்டர் வாங்குங்கள். கோடைக்கால இடிமின்னலுக்கு அடாப்டரைப் பலி கொடுக்க வேண்டாம்.

கடைசியாக, ஒவ்வொன்றாகச் சேர்த்துப் படியுங்கள்: 11 சரி, பிறகு 12. எதைச் சேர்த்ததும் பிழை வருகிறதோ, கோளாறு அங்கேதான். டைம்-அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) 300 மில்லிசெகண்ட் வையுங்கள்.

சில மாதம் ஓடியபின் விட்டுவிட்டுப் பிழை வந்தால், மென்பொருளைத் திறக்குமுன் டெர்மினல் திருகுகளைப் பாருங்கள். கடற்காற்றில் செம்புக் கம்பி பச்சை பூத்திருக்கும். நுனியை வெட்டி, புதிதாக உரித்து, ஃபெரூல் (கம்பி நுனிக்கான உலோக உறை) போட்டு இறுக்குங்கள்.